தடை போட்ட சங்கமும் தாண்டிச் சென்ற சக்கரமும்

சட்டம் தடுக்கவில்லை. சர்க்கார் தடுக்கவில்லை. காவல் துறை குறுக்கே நிற்கவில்லை. ஊர்மக்கள் கல்லெறியவில்லை, கைதட்டினர்! ஆனாலும் ஓட்டியவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்பளித்தது யார்? நீதிமன்றமா? இல்லை, தோழர்களே, இல்லை! சைக்கிள் ஓட்டுவோரின் உரிமையைக் காப்பதற்கென்றே பிறந்து, சைக்கிள் ஓட்டுவோரின் சந்தாவிலேயே வளர்ந்த சங்கம்!

இது நடந்தது இங்கிலாந்திலே. 1942ஆம் ஆண்டு, ஜூன் 7ஆம் நாள்.

சைக்கிள் பந்தயத்துக்கும் நமது ஏட்டுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. ஆலைச் சங்கு ஊதுமுன்னே எழுந்து வேலைக்கு மிதித்தவன் நம் தோழன். மாலையிலே கைப்பிடியில் கொடியைக் கட்டிக்கொண்டு, பொதுக்கூட்டத்துக்குப் பத்துக் கல் மிதித்தவனும் அவனே. மாளிகைக்கு மோட்டார்; மக்களுக்குச் சைக்கிள். அந்தச் சைக்கிளின் கதையிலே, அமைப்பு என்றால் என்ன, கட்டுப்பாடு என்றால் என்ன, உரிமை என்றால் என்ன என்ற பாடம் அடங்கிக் கிடக்கிறது. ஆகவேதான் சொல்ல வந்தேன்.

1878ஆம் ஆண்டு இங்கிலாந்திலே சைக்கிள்காரர்களுக்கென ஒரு சங்கம் அமைந்தது. 1883இல் அது தேசிய சைக்கிள் ஓட்டுநர் சங்கம் என்று பெயர் பெற்றது. அந்நாளில் சாலை யாருக்குச் சொந்தம்? குதிரைக்கும், குதிரை வண்டியிலே அமர்ந்த கோமான்களுக்கும்! இரண்டு சக்கரத்தில் வந்தவன் இடைஞ்சல், இழித்துப் பேசப்பட்டான். 1888இல் வந்த சட்டம்தான் சைக்கிளும் ஒரு வண்டியே, அதற்கும் சாலையில் இடமுண்டு என்று ஒப்புக்கொண்டது.

பெற்ற உரிமை பறிபோய்விடுமோ என்று சங்கத் தலைவர்கள் அஞ்சினர். 1894இல் ஒரு பந்தயம். கூட்டமாக விரைந்த ஓட்டக்காரர்கள் ஒரு பெண்மணி ஓட்டி வந்த குதிரை வண்டியைக் கடந்தனர். குதிரை மிரண்டது, ஓட்டக்காரர்கள் சிலர் உருண்டனர், புகார் காவலரிடம் போயிற்று. அவ்வளவுதான்! பொதுச் சாலையிலே பந்தயமே கூடாது என்று சங்கம் முடிவு கட்டிற்று. 1890களில் போட்ட அந்தப் பூட்டை அரை நூற்றாண்டு திறக்கவில்லை.

நியாயத்தை நியாயமாகவே பேசுவோம். அந்த அச்சம் பொய்யச்சம் அல்ல. பந்தயக்காரன் செய்யும் தவறுக்காகப் பாட்டாளியின் சைக்கிளையும் சாலையை விட்டு விரட்டிவிடுவார்களோ என்ற கவலை அதிலே இருந்தது. ஆனால் அச்சத்திலே பிறந்த விதி, அச்சம் தீர்ந்த பிறகும் ஆண்டுகொண்டிருந்தால், அதற்குப் பெயர் என்ன? பாதுகாப்பா? பழக்கம்! பழக்கம் முதிர்ந்தால் அதிகாரம்!

தடைக்குள்ளேயே ஒரு வழி கண்டார் பிட்லேக் என்பவர். 1894இல் உருண்டவர்களில் அவரும் ஒருவர். கூட்டமாகக் கிளம்பினால்தானே குற்றம்? ஒவ்வொருவராகக் கிளம்பினால்? 1895இல் அந்த முறையில் பந்தயம் நடந்தது. ஒருவருக்குப் பின் ஒருவர், இடைவெளி விட்டுக் கிளம்புவார்கள். எதிரே மனிதன் இல்லை, கடிகாரம்தான் எதிரி. யார் குறைந்த நேரத்தில் முடித்தாரோ அவர் வென்றவர்.

அதுவும் எப்படி நடந்தது தெரியுமா? விடியற்காலையிலே, ஊர் விழிக்குமுன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை. எந்தச் சாலை என்று வெளியே சொல்லமாட்டார்கள், குறியெண்தான் உண்டு. உடல் வலிவைக் காட்டும் விளையாட்டை, ஏதோ களவு போல் ஒளித்து ஆடினர். பிறர் கண்ணில் பட்டால் உரிமை போய்விடுமாம்! கண்ணில் படாத உரிமை இருந்தென்ன, இறந்தென்ன?

அமெச்சூர் என்ற சொல்லையும் இங்கே சற்றுப் பார்க்க வேண்டும். காசுக்காக அல்லாமல் விருப்பத்துக்காக ஆடுபவன் என்று பொருள். கேட்க இனிக்கிறது! ஆனால் அதே இங்கிலாந்திலே, படகுப் பந்தயக்காரர்கள் 1879இல் வகுத்த விதியைப் பாருங்கள். கூலிக்கு உழைக்கும் மெக்கானிக்கும், கைவினைஞனும், உழைப்பாளியும் அமெச்சூர் ஆகமாட்டார்கள் என்று எழுதி வைத்தார்கள். ஏன்? சம்மட்டி பிடித்த கை துடுப்புப் பிடித்தால், சீமான் தோற்றுவிடுவானே! பிறப்பைக் காட்டிப் படியிலே நிறுத்தியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பிழைப்பைக் காட்டிப் படகிலிருந்து இறக்கியவர்கள் அவர்கள். சைக்கிளோ பட்டறைக்காரனின் வண்டி. அவனை விரட்டிவிட்டு அந்த விளையாட்டை நடத்த முடியாது.

கடலுக்கு அப்பால் நிலை வேறு. 1903இலேயே பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயம் தொடங்கிவிட்டது. பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் நூறு பேர் ஒருசேரக் கிளம்பினர். ஊரே திரண்டு வழியெங்கும் வாழ்த்திற்று. கூட்டமாக ஓட்டுவது தனிக்கலை. முன்னே செல்பவன் காற்றைக் கிழிப்பான். பின்னே வருபவன் அவன் நிழலிலே வலிவைச் சேமிப்பான். முறைமாறி முன்னே வருவான். எப்போது பிரிவது, எப்போது பாய்வது என்பதை நூலில் படிக்க முடியாது. சாலையிலேதான் கற்க வேண்டும். அந்தச் சாலையைத்தான் இங்கிலாந்துச் சங்கம் பூட்டி வைத்தது. மோட்டார்ப் பந்தயத் திடலிலே, மூடிய வளாகத்திலே மட்டும் முப்பதுகளில் அனுமதி கிடைத்தது. தண்ணீர்த் தொட்டியிலே நீந்தப் பழகியவனைக் கடலிலே தள்ளுவதுபோல, வீரர்களை உலகப் போட்டிக்கு அனுப்பினர்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் பெர்சி ஸ்டாலர்ட். 1909இல் பிறந்தவர், உல்வர்ஹாம்ப்டன் நகரத்துச் சைக்கிள் கடைக்காரரின் மகன். 1933, 1934, 1935 ஆகிய மூன்று ஆண்டுகளும் உலகப் போட்டியிலே ஓட்டினார். வெளிநாட்டிலே கண்டதை விட்டுவிட்டு வர அவர் மனம் இடந்தரவில்லை. அவர்கள் சாலையிலே ஓட்டுகிறார்கள். நாம் ஏன் ஒளிந்து ஓட்டுகிறோம்?

உலகப் போர் வந்தது. பெட்ரோல் பங்கீடு வந்தது. மோட்டார்கள் முடங்கின, சாலைகள் காலியாயின. இதைவிட நல்ல நேரம் உண்டா என்று 1941 டிசம்பரிலே சங்கத்துக்குக் கடிதம் எழுதினார் ஸ்டாலர்ட். சங்கம் அசையவில்லை.

அதன் பிறகு அவர் செய்ததைக் கவனியுங்கள். கலகக்காரர் என்றார்களே, அவர் கண்ணை மூடிக்கொண்டு குதித்தாரா? இல்லை! வழியிலுள்ள மாவட்டங்களின் காவல் துறைத் தலைவர்களை அணுகி இசைவு பெற்றார். உள்ளூர் நாளேடு ஒன்றின் ஆதரவு பெற்றார். மிச்சப்படும் தொகை போர்வீரர் நல நிதிக்கு என்று அறிவித்தார். லாங்கோலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டன் வரை 59 மைல். முப்பது நாற்பது பேர் ஒருசேரக் கிளம்பினர். முடிவிடத்திலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் காத்திருந்தனர். உள்ளூர்க்காரர் ஆல்பர்ட் பிரைஸ் முதலில் வந்தார். குதிரை மிரளவில்லை, குடி கெடவில்லை, வானம் இடிந்து விழவுமில்லை!

இடிந்தது சங்கத்தின் இறுமாப்பு. ஸ்டாலர்டும் அவரோடு நின்றவர்களும் நீக்கப்பட்டனர்.

தோழர்களே! இந்த இடத்திலே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று கற்றவர்கள் நாம். அமைப்பின் விதியை மீறியவனைப் பாராட்டலாமா? இன்று சைக்கிள் சங்கத்தில் மீறியவனைப் புகழ்ந்தால், நாளை நம் கிளைக் கழகத்திலே மீறுபவனுக்கு என்ன சொல்வாய் என்று யாரேனும் கேட்டால், விழிக்கலாகாது.

விடை இதுதான். கட்டுப்பாடு என்பது, போகும் இடத்துக்கு எல்லோரும் சேர்ந்து போவதற்காக நாமே பூட்டிக்கொள்ளும் கடிவாளம். போகவே கூடாது என்று பிறர் போடும் கால்விலங்கு கட்டுப்பாடு ஆகாது. ஸ்டாலர்ட் முதலில் கேட்டார், காரணம் காட்டினார், மறுத்த பிறகே, ஆபத்து வராதபடி ஏற்பாடு செய்து, வெளிச்சத்திலே நடத்திக் காட்டினார், தண்டனை வந்தபோது ஓடி ஒளியவில்லை. பதவி கிடைக்காததால் பிரிந்தவனுக்கும், பாதை அடைக்கப்பட்டதால் பிரிந்தவனுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த உரைகல்லிலே உரைத்துப் பாருங்கள். பித்தளை எது, பொன் எது என்று தெரியும்.

அதே 1942ஆம் ஆண்டு நவம்பரில் புதிய அமைப்பு பிறந்தது: பிரிட்டிஷ் லீக் ஆஃப் ரேசிங் சைக்ளிஸ்ட்ஸ். சுருக்கமாக லீக் என்றனர். பெரிய மனிதர் ஆதரவு இல்லை. அனைத்துலகச் சங்கத்தின் அங்கீகாரம் பழைய சங்கத்திடமே இருந்தது. 1900இல் பாரிசில் அமைந்த அந்த உலக அமைப்பு ஒரு நாட்டுக்கு ஒரு சங்கத்தையே ஏற்கும். ஆக, லீக்கிலே சேர்ந்தவனுக்கு வீட்டிலும் இடமில்லை, வெளியிலும் இடமில்லை. அப்படியும் சேர்ந்தார்களே! நண்பன் நண்பனோடு பேசாத நிலை வந்தும் சேர்ந்தார்களே!

பேச்சிலே வெல்லவில்லை அவர்கள், செயலிலே வென்றனர். 1945இல் போர் ஓய்ந்த ஆண்டிலேயே, தெற்கே பிரைட்டனிலிருந்து வடக்கே கிளாஸ்கோ வரை, நாள் நாளாகத் தொடரும் பந்தயம் நடத்தினர். 1951இல் நாட்டையே சுற்றும் பந்தயம். அதிலே வென்ற கிளாஸ்கோ இளைஞர் இயான் ஸ்டீல், மறு ஆண்டே வார்சா, பெர்லின், பிராக் நகரங்களை இணைத்த அமைதிப் பந்தயத்திலும் வென்றார். 1955இல் பிரான்சுப் பெரும் பந்தயத்துக்கே பிரிட்டிஷ் அணி போயிற்று; அதற்கு முதுகெலும்பாக இருந்தது ஹெர்குலிஸ் சைக்கிள் கம்பெனி. ஆம், தோழர்களே, நம் ஆலைத் தொழிலாளர் மிதித்த அதே ஹெர்குலிஸ்! 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரிலே செய்து தந்த அதே பெயர்! அந்த அணியில் ஓட்டிய பிரையன் ராபின்சன், 1958இல் அப்பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டத்திலே வெற்றி பெற்றார். அதைச் செய்த முதல் பிரிட்டிஷார் அவரே.

பழைய சங்கம் என்ன செய்தது? காலம் கடந்து கண் திறந்தது. 1959இல் சங்கமும் லீக்கும் இணைந்தன. ஒரே கூட்டமைப்பு ஆயின. 1960இல் சாலைப் பந்தயத்துக்கு அரசு விதிமுறை வகுத்தது. காவல் துறையின் இசைவோடு நடத்தலாம் என்ற ஒழுங்கு ஏற்பட்டது. 1942இல் ஸ்டாலர்ட் தாமாகவே செய்தாரே, அதுதான் பதினெட்டு ஆண்டு கழித்துச் சட்டமாயிற்று!

அந்த வெளிச்சத்திலே மலர்ந்தவர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். பெரில் பர்ட்டன் என்ற யார்க்ஷயர் பெண்மணி. தோட்டத்திலே கூலி வேலை செய்தவர். மண்ணிலே உழைத்த கையோடு வந்து மிதித்தவர். 1960இலும் 1967இலும் சாலைப் பந்தயத்தில் உலக வெற்றி பெற்றார். 1967இல் பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தில் 277.25 மைல் ஓட்டி, ஆண்களின் சாதனையையும் மிஞ்சினார். காசு வாங்கி ஓட்ட அழைத்தபோதும் மறுத்து, கடைசிவரை அமெச்சூராகவே நின்றார். கூலிக்காரனுக்கு அமெச்சூர் பட்டம் கிடையாது என்றார்களே, அந்தச் சீமான்களுக்கு ஒரு கூலிக்காரப் பெண் தந்த விடை இது! ஒலிம்பிக்கிலோ பெண்களுக்குச் சாலைப் பந்தயம் 1984இல்தான் வந்தது. சங்கங்களின் கடிகாரம் எப்போதும் சற்றுத் தாமதம்தான்!

அமெச்சூர், தொழில்முறை என்ற சுவரும் நிலைக்கவில்லை. 1965இல் உலக அமைப்பு அதற்காக இரண்டு கிளையாகப் பிரிந்தது. 1992இல் மீண்டும் ஒன்றாயிற்று. 1996 ஒலிம்பிக்கிலே தொழில்முறை வீரர்களும் சாலைப் பந்தயத்தில் ஓட்டினர்.

கதை இனிதே முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஒரு முள் இருக்கிறது.

1959 இணைப்பை ஸ்டாலர்ட் வெற்றி என்று கொண்டாடவில்லை; துரோகம் என்றார். 2001இல் மறையும்வரை அந்த மனக்காயம் ஆறவில்லை. அவர் கேட்ட உரிமை கிடைத்தது. அவர் கட்டிய வீடு கலைந்தது. இணைத்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. இரண்டு சங்கம் இழுத்தால் வண்டி நகராது, ஒற்றுமை தேவைதான். ஆனால் ஒற்றுமைக்கு விலை கொடுத்தவன் யார் என்று கணக்கெழுத மறந்தார்களே, அதுதான் பிழை. அங்கீகாரம் வந்ததும் மேடை பெரிதாகும், மாலை பெரிதாகும், வெயிலிலே நின்றவன் மட்டும் சிறிதாவான். இது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய நோயா என்பதை நெஞ்சிலே கைவைத்துக் கேட்டுக்கொள்வோம்.

2012இல் பிராட்லி விக்கின்ஸ் பிரான்சுப் பெரும் பந்தயத்தில் முதலிடம் பெற்றார். அந்த வெற்றியைப் பெற்ற முதல் பிரிட்டிஷார். 2014இல் அதே பந்தயம் யார்க்ஷயரிலிருந்து கிளம்பியது. கறுப்புடை போர்த்து விடியலிலே ஒளிந்தோடிய நாட்டிலே, இலட்சக்கணக்கான மக்கள் பட்டப்பகலில் சாலையோரம் நின்று ஆர்ப்பரித்தனர். பூட்டியவர் பெயரை அங்கே யார் நினைத்தார்? திறந்தவர் பெயரைத்தான் எத்தனை பேர் நினைத்தார்?

நினைக்காவிட்டாலும் சக்கரம் சுழல்கிறது. இன்றும் ஓர் ஊர்ப் பந்தயம் நடக்க வேண்டுமானால், முச்சந்தியிலே கொடி பிடித்து ஒருவன் நிற்க வேண்டும். அவனுக்குக் கோப்பை இல்லை, கூலி இல்லை, படத்திலே இடமில்லை. அவன் கொடியை இறக்கிவிட்டால் பந்தயமே இல்லை!

அந்தக் கொடிக்காரன் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சைக்கிள் கைப்பிடியைப் பாருங்கள்.