பழிச்சொல்லிற் பிறக்கும் புகழ்

வல்லவனை வல்லவன் என்று வாளா கூறுதலால் மக்கள் மனநிறைவு எய்துவதில்லை. ‘புலி’ என்பர், ‘சூரன்’ என்பர். ‘கணக்கில் விண்ணன்’ என்பது நம் ஈழநாட்டு வழக்கு. விளையாட்டுக்காரன் எனப் பொருள்படும் இந்திச் சொல்லொன்று, நம் நாவில் ‘கில்லாடி’யாகித் திறமைக்குப் பெயராயிற்று.

திறமை அளவு கடந்துழிப் புகழ்ச்சி பழிப்பின் வேடம் புனைந்து கொள்கிறது. காதகன் என்பான் கொலைஞன். எமனையே கொல்லவல்லவன் ‘எமகாதகன்’. 2007 டிசம்பர் 3 ஆம் நாள், கண்டி அஸ்கிரிய மைதானத்தில் முத்தையா முரளிதரன் தமது 709 ஆவது விக்கெட்டை வீழ்த்தி, டெஸ்ற் துடுப்பாட்டத்தில் உலக சாதனையை நிலைநாட்டினார். அன்று நம் அருகிருந்த முதியவர் ஒருவர், “படுபாவி, எப்படித் திருப்புகிறான்!” என்று கண்ணீர் மல்கக் கூறினார். அதனினும் பெரிய வாழ்த்து வேறு யாதுளது?

யப்பானிய இளைஞரும் இணையத்தில் இவ்வாறே விளையாடுகின்றனர். பயனற்ற சிறு செயலொன்றில் ஒருவன் வியத்தகு கைவண்ணம் காட்டினால், “திறமையை வீணடிக்கின்றான்” என்பது அவர்தம் பாராட்டு. தெய்வம் எனப் பொருள்படும் ‘கமி’ என்னும் பெயரை வினையாக்கிய ‘கமித்தெரு’ என்ற சொல், 2016 இல் அந்நாட்டில் ஆண்டின் சிறந்த வழக்குச் சொல்லுக்குரிய பரிசினைப் பெற்றது.

இம்முறை நமக்குப் புதிதன்று. புகழ்வது போலப் பழித்தலையும், பழிப்பது போலப் புகழ்தலையும் தண்டியலங்காரம் இலேச அணியின்பாற் படுத்துரைக்கும். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலங்கள் பீலி சூடி நெய் பூசிக் காவல் மனையிற் பொலிவதைப் புகழ்ந்தார். அதியமானுடைய வேல்களோ நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்றார். போர் பல கண்ட வேல்கள் எவருடையவை என்பதைத் தொண்டைமான் உணர்ந்திருப்பான். புறநானூற்றின் 95 ஆம் பாடல் இதனைக் காட்டும்.

ஆயினும், இச்சொற்களைக் கையாளுதற்கு ஒரு வரம்புண்டு. நாம் ஆசிரியப் பணியேற்ற தொடக்கத்தில், தேயிலைத் தோட்டத்திலிருந்து புதிதாக வந்த மாணவன் ஒருவன் கடினமான வெண்பாவொன்றைப் பிழையின்றி அலகிட்டான். “எமகாதகன்!” என்று மகிழ்ந்துரைத்தோம். வகுப்பு நகைத்தது, அவன் தலை குனிந்தான். அதன் பின்னர் ஒரு கிழமை அவன் கையுயர்த்தவேயில்லை. அழைத்து வினவியபோது, “சேர், நான் என்ன பிழை செய்தேன்?” என்றான். நம் நெஞ்சு சுட்டது. பொருளை விளக்கி, அடுத்த நாள் வகுப்பறியவே, “நன்றாகச் செய்தாய்” என்றோம். அவன் முகம் மலர்ந்தது.

பழிச்சொல்லைப் புகழாக்குவது சொல்லன்று. சொல்வோனுக்கும் கேட்போனுக்கும் இடையேயுள்ள அன்பே. அவ்வன்பு அறியப்படாதவிடத்து அணி அம்பாகிவிடும். ஆதலின் பழகியவரைப் ‘படுபாவி’ என்று கொண்டாடுவோம். புதிதாய் வந்தவனுக்கு முதலில் ‘நன்று’ என்னும் எளிய சொல்லை வழங்குவோம். பழைய மாணவர் பலர் கல்லூரி நாளை நினைவு கூருங்கால், அத்தகைய ஒரு சொல்லையே இன்றும் போற்றி வைத்திருப்பர்.