கைப்பேசியும் மேசைக்கணினியும்

கைப்பேசி வளர வளர மேசைக்கணினி வழக்கொழியும் என்பாரும் உளர். அக்கூற்றுச் சொற்றொகுப்பிற்குப் பொருந்தும், சொல்லாராய்ச்சிக்குப் பொருந்தாது. சூலூர் வட்டத்துச் சோமனூர் விசைத்தறிக் கூடங்களிற் பாவு, ஊடை முதலிய தொழிற்சொற்களைத் திரட்டுவார்க்குக் கைப்பேசியே தக்க துணை. தறியோசைக்கிடையே நெய்வார்தம் ஒலிப்பைப் பதிந்து, கருவியின் படத்தையும் உடன் எடுத்துக்கொள்ளலாம். ஆயின், 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியையும் அப்பதிவுகளையும் அருகருகே விரித்து ஒப்புநோக்க உள்ளங்கைத் திரை இடந்தாராது. கைப்பேசி ஒன்றே உடைய மாணவர் திரட்டியதோடு அமைந்துவிடுவரோ என்றே அஞ்சுகிறேன். பெருந்திரையோடு இணைப்பின் கைப்பேசியே கணினியாம் என மறுக்கலாம். சாம்சங் நிறுவனம் 2017-இல் அவ்வசதியைத் தந்தது. அப்போதும் மேசையும் திரையும் விசைப்பலகையும் வேண்டப்படுகின்றன. நீங்கியது பெட்டி ஒன்றே.