பூங்காவில் உறையுங் கலைஞர்

ஓவியரையுஞ் சிற்பியரையும் ஓரிடத்திற்கு வருவித்து, இடமுங் கருவியும் பொருளும் நல்கிச் சில திங்கள் தொழில் செய்விக்கும் வழக்கம் மேனாடுகளில் இன்று பெருகியுள்ளது. கலைஞர் உறைவு என்று அதனை ஈண்டு வழங்குவாம். இதனினும் நற்சொல் காண வல்லார் காண்க. அவ்வுறைவு மாளிகையிலோ கல்லூரியிலோ அன்றி, மக்கள் காற்று வாங்க வரும் பூங்காவிலேயே அமையின் என்னாம்? நியூயார்க் நகரத்துச் சாக்ரட்டீஸ் சிற்பப் பூங்கா இதற்கு நல்லதொரு சான்று.

அந்நகரின் குவீன்ஸ் பகுதியில், கிழக்காறு எனப்படும் நீர்வழியின் கரையில், குப்பைகள் கொட்டப்பட்டுக் கைவிடப்பட்ட நிலமொன்று கிடந்தது. இரும்பு உத்திரங்களைப் பிணைத்துப் பேருருவங்கள் சமைப்பதிற் பெயர்பெற்ற மார்க் டி சுவெரோ என்னுஞ் சிற்பியார், ஏனைக் கலைஞரையும் அவ்வட்டாரத்து மக்களையுந் துணைக்கொண்டு, 1986-ஆம் ஆண்டில் அதனைத் திருத்திப் பூங்காவாக்கினார். அயலில் கிரேக்க மக்கள் மிகுதியாக வாழ்தலின் அவர்தம் அறிஞர் பெயரை அதற்கிட்டனர். சந்தைவெளியில் நின்று வருவார் போவாரையெல்லாம் வினவிய அப்பெரியார் பெயர் இவ்விடத்திற்குப் பொருத்தமே.

விண்ணப்பஞ் செய்த கலைஞருள் தெரிந்தெடுக்கப்பட்ட சிலர்க்குப் பொருளுதவியும் திறந்தவெளிப் பட்டறையும் அளிக்கப்படும். வேனிற் காலத்தில் அவர் அங்கேயே உழைப்பர். தனியறையில் மறைவாக முடித்துத் திரைநீக்கிக் காட்டுதல் இங்கில்லை. இரும்பு அறுபடுவதையும் மரம் இணைவதையும் உலாவ வந்தோர் நின்று காணலாம். இஃது யாது என்று கேட்கலாம். நுழைவுக் கட்டணமும் இல்லை. செய்த பொருள்கள் சில திங்கள் நின்று, பின்னர் அகற்றப்பட்டு, அடுத்து வருவார்க்கு இடம் விடும்.

நில்லாத ஒன்றிற்கு இத்துணைப் பொருளும் உழைப்பும் எதற்கு என்பார் உளர். கற்கோயில்களைக் கண்டு வளர்ந்த நமக்கு அவ்வையம் எழுதல் இயல்பே. ஆயினும், 2015-இல் அப்பூங்காவில் ஆக்னஸ் டேனஸ் என்னும் அம்மையார் அமைத்த ‘உயிருள்ள கூர்ங்கோபுரம்’ என்பதை நோக்குக. புத்தபெஸ்த் நகரிற் பிறந்த அவர்க்கு அப்பொழுது எண்பதாண்டு கடந்திருந்தது. வளைந்தேறும் மரப்படிகளில் மண்ணை நிரப்பி, முப்பதடி உயரத்திற்கு எழுப்பி, புல்லுங் காட்டுப்பூவும் அதில் வளர்க்கப்பட்டன. நடுகையில் பொதுமக்களும் கைகொடுத்தனர். கல்லாற் செய்திருப்பின் அவர்கள் நின்று பார்த்துப் போயிருப்பர். மண்ணாற் செய்தமையின் தம் செடி முளைத்ததா என்று மீண்டும் வந்து பார்த்தற்கு உரிமை பெற்றனர். நிலைபேற்றை இழந்து உறவைப் பெறுதல் நட்டமன்று என்பது என் கருத்து.

ஆயின், கலை நில்லாதிருக்கலாம். அதற்குரிய நிலமும் நில்லாதிருந்தால்? இப்பூங்கா தொடக்கத்தில் தற்காலிக உரிமையிலேயே நடந்துவந்தது. செல்வர்க்குரிய அடுக்கு மாளிகைகளும் படகுத்துறையும் எழுப்ப அந்நிலத்தை நகரத்தாரிடமிருந்து பெற ஒரு கட்டட வணிகர் முயன்றார். அதன்பின், 1998-இல், ரூடி ஜூலியானி நகரத் தலைவராயிருந்த காலத்தில், அது முறையான நகரப் பூங்காவாக உறுதி செய்யப்பட்டது.

டேனஸ் அம்மையாரின் முந்தைய நிலத்திற்கு அப்பேறு கிட்டவில்லை. 1982-இல் மன்ஹாட்டன் தென்முனையில், உலக வாணிகக் கோபுரங்களின் நிழலில், குப்பை நிரவிய வெளியில் இரண்டு ஏக்கர் கோதுமை விதைத்து ஆகஸ்டு மாதத்தில் அறுவடை செய்தார். அவ்வெளியில் இன்று கட்டடங்கள் நிற்கின்றன.