படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை

காலிக் கோட்டைத் தெருக்களில் வழிகாட்டியின் பின்னே கமராவுடன் நடந்து செல்லும் உல்லாசப் பயணிகளைக் கண்டிருப்பீர்கள். காலை இளவெயில் சாய்வாக விழும் நேரமே படத்துக்கு உகந்தது. 1939இல் எழுந்த வெளிச்சவீடு, அதன் அருகே 1904இல் கட்டப்பட்ட மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல், ஒல்லாந்தர் கால வீடுகள் என்று எல்லாமே அழகுதான்.

1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட இக்கோட்டை வெறும் காட்சிச்சாலை அல்ல. குடும்பங்கள் வாழும் ஊர். மதிலைப் படமெடுக்கலாம். ஆனால், விறாந்தையில் இருக்கும் பெண்ணையோ தெருவில் விளையாடும் பிள்ளையையோ எடுக்குமுன் அனுமதி கேட்பதே பண்பு. நல்ல வழிகாட்டி இதைப் புறப்படும்போதே சொல்லிவிடுவார்.

உங்கள் வாசலில் யாரேனும் கமராவை உயர்த்தினால், விருப்பமில்லையெனில் தயங்காமல் மறுத்துவிடுங்கள். நீங்கள் வேறு ஊருக்குச் சுற்றுலா போகும்போது, அதே மரியாதையை அங்குள்ளோருக்கும் கொடுக்க உங்கள் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.