சஹன் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

அண்மையில் ஒரு வலீமாவில் ஆறு பேராகச் சஹனைச் சுற்றி அமர்ந்திருந்தோம். பக்கத்திலிருந்த இளைஞர் என்னிடம், "நானா, சஹன் என்டது குர்ஆன்ல வார சொல்லா?" என்று கேட்டார்.

இல்லை. ஸூரா அஸ்ஸுக்ருஃபின் 71ஆவது வசனத்தில் தட்டுகளைக் குறிக்க வருவது 'ஸிஹாஃப்' என்ற சொல். ஓசையில் நெருக்கமாக இருந்தாலும் அதன் வேர் வேறு.

'ஸஹ்ன்' அன்றாட அரபுச் சொல். அகன்ற தட்டு என்பது அதன் பொருள். பள்ளிவாசலின் திறந்த முற்றத்துக்கும் அரபியில் அதுவே பெயர். இன்று அரபு நாடுகளில் ஒருவர் உண்ணும் சிறிய தட்டையும் ஸஹ்ன் என்பார்கள். நாமோ பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டையே சஹன் என்கிறோம். காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களிடமும் இதே வழக்கு உண்டு.

நபி (ஸல்) அவர்களிடம் நால்வர் சுமக்கும் 'அல்கர்ரா' என்ற பெரிய பாத்திரம் இருந்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அங்கு வரும் சொல் 'கஸ்ஆ', ஸஹ்ன் அல்ல. ஒன்றுகூடி, அல்லாஹ்வின் பெயர் கூறி உண்டால் பரக்கத் உண்டாகும் என்ற ஹதீஸும் அதே நூலில் உள்ளது. ஆகவே, சுன்னத் என்பது பாத்திரத்திலோ அதன் பெயரிலோ இல்லை. கூடி உண்பதில் இருக்கிறது.

செல்வந்தர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவே கெட்ட உணவு என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் உண்டு. எமது சஹன்களில் பாதிச் சோறு மிஞ்சிக் குப்பைக்குப் போகிறது. அயலிலுள்ள ஏழைக்கோ அழைப்பில்லை. அப்படியானால் எம்மிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சொல் மட்டும்தான்.