கணினிகளை இணைக்கும் வழிகள்

ஊராட்சிகளில் வீட்டுவரி செலுத்துவதும் கட்டட அனுமதி பெறுவதும் இன்று கணினி வழியாக நடைபெறுகின்றன. ஆதலின் கணினிகளை எவ்வடிவில் இணைப்பது என்பது பொறியாளர்க்கு மட்டுமே உரிய கேள்வி என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. கம்பி அறுபடும் நாளில் எந்த ஊரின் பணி நிற்கும், எந்த ஊரின் பணி தொடரும் என்பதை அவ்வடிவமே முடிவு செய்கிறது.

முற்காலத்தில், அதாவது 1980களில், அலுவலகக் கணினிகள் யாவற்றையும் ஒரே நீண்ட கம்பியில் கோத்து வைப்பது பெருவழக்காக இருந்தது. செலவு குறைவு. ஆயின் கம்பி ஓரிடத்தில் அறுந்தால், அம்முனையில் மின்குறிகள் மோதித் திரும்பி அனைத்துக் கணினிகளையும் முடக்கிவிடும். இப்பொழுது அலுவலகங்களில் ‘சுவிட்ச்’ என்னும் நடுக்கருவியிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி செல்கிறது. இதனை விண்மீன் அமைப்பு என்பர். ஒரு கம்பி பழுதானால் ஒரு கணினியே நிற்கும். நடுக்கருவி பழுதானால் எல்லாம் நிற்கும் என்பது உண்மையே. எனினும் மாற்றுக் கருவி ஒன்றை அலமாரியில் வைத்திருந்தால் அக்குறை தீரும். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேரே இணைப்பதும் உண்டு. பத்துக் கணினிகளுக்கு 45 கம்பிகள், இருபதுக்கு 190 கம்பிகள் வேண்டும்! நமது அலுவலகங்களுக்கு அது வீண் செலவு.

ஊருக்கு ஊர் இணைப்பதோ வேறு காரியம். 2011-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்து, பின்னர் ‘பாரத்நெட்’ எனப் பெயர் பெற்ற திட்டத்தின் முதற் கட்டத்தில், கண்ணாடியிழைக் கம்பி பெரும்பாலும் நேர்கோட்டு முறையில் ஊராட்சிகளுக்குச் சென்றது. வாய்க்கால் உடைந்தால் கடைமடைக்கு நீர் வராது என்பதை நம் உழவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு ஊர்களைத் தொடும் கம்பியை மூன்றாம் ஊரைத் தாண்டியதும் மண் தோண்டும் இயந்திரம் அறுத்துவிட்டால், அப்பாலுள்ள நான்கு ஊர்களும் ஒருசேரத் தொடர்பிழக்கும்.

இதற்கு மாற்று, வளைய அமைப்பு. வட்டாரத் தலைமையிடத்தில் புறப்படும் கம்பி ஊர்களைச் சுற்றி மீண்டும் அங்கேயே வந்து சேரும். ஓரிடத்தில் அறுந்தாலும் செய்தி மறுபக்கமாகச் சுற்றி வந்துவிடும். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டம் இவ்வமைப்பையே மேற்கொண்டுள்ளது. ஈரிடங்களில் அறுந்தால் இடைப்பட்ட ஊர்கள் தனிப்பட்டுவிடும். ஆகவே முதல் அறுப்பை உடனே சீர் செய்தல் வேண்டும்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். செலவைக் குறைக்கக் கருதிப் போகும் இழையையும் திரும்பும் இழையையும் ஒரே பள்ளத்தில் புதைத்தால், வரைபடத்தில் வளையம் இருக்கும், மண்ணில் இராது. இயந்திரத்தின் ஒரே வெட்டு இரண்டையும் துண்டித்துவிடும். கம்பிக்கு வழி அளக்க வருவோரிடம், திரும்பும் கம்பி எந்தச் சாலை வழியாக வருகிறது என்று ஊராட்சித் தலைவர்கள் அவசியம் கேட்டறிதல் நலம். சாலை அகலப்படுத்தும் பணி தொடங்குமுன் கம்பி செல்லும் இடத்தை ஒப்பந்தக்காரருக்குக் காட்டுவதும் ஊராட்சியால் எளிதில் செய்யக்கூடியதே.