ஊர் கிராமமா, நகரமா? சாலைக்கும் அதுவே கணக்கு

விளைந்த பொருளைச் சேதமின்றிச் சந்தைக்குக் கொண்டு செல்ல நல்ல சாலை தேவை. எந்த ஊருக்கு எந்தத் திட்டத்தில் சாலை கிடைக்கும் என்பதில் மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. சிறு விவசாயிகள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

நகரம் என்பது எது?

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகியவை சட்டப்படி நகரங்கள். இவை தவிர, ஊராட்சியாகவே இருக்கும் சில ஊர்களையும் கணக்கெடுப்புத் துறை நகரமாகக் கொள்கிறது. இதற்கு மூன்று நிபந்தனைகள் உள்ளன.

1. மக்கள் தொகை 5,000-க்குக் குறையக் கூடாது.
2. சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும்.
3. ஆண்டில் 6 மாதமோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும்.

இவ்வாறான 'கணக்கெடுப்பு நகரங்கள்' 2001-இல் நாட்டில் 1,362 இருந்தன; 2011-இல் 3,894 ஆயின. தமிழ்நாட்டில் இந்த எண்ணிக்கை 111-லிருந்து 376 ஆக உயர்ந்தது.

சாலைக்கு வரும் சிக்கல்

2000 டிசம்பர் 25-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் கிராமப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. நகரச் சாலைகள் அதில் சேரா. கணக்கெடுப்பு நகரத்திலோ நகராட்சி கிடையாது. நகராட்சிக்குரிய வருவாயும் கிடையாது. வண்டிப் போக்குவரத்து நகரத்தைப் போல் பெருகும். சாலையைப் பராமரிப்பது ஊராட்சியின் பொறுப்பாகவே இருக்கும்.

500 பேர் கணக்கு

இத்திட்டத்தில் சமவெளியில் 500 பேருக்குக் குறையாத குடியிருப்புகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளுக்கு இந்த அளவு 250 பேர். முதலில் 2001-ஆம் ஆண்டுக் கணக்கும், 2024-இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்துக்கு 2011-ஆம் ஆண்டுக் கணக்கும் அடிப்படையாயின.

இங்கு வருவாய்க் கிராமம் கணக்கல்ல, குடியிருப்பே கணக்கு. சமவெளியில் 500 மீட்டருக்குள் அமைந்த குடியிருப்புகளைச் சேர்த்தும் எண்ணலாம். உதாரணமாக, ஒரு குடியிருப்பில் 300 பேரும் அருகிலுள்ள மற்றொன்றில் 220 பேரும் இருந்தால், தனித்தனியே இரண்டுக்கும் தகுதி இல்லை. சேர்த்தால் 520; தகுதி வந்துவிடும்.

தென்னை விவசாயி கவனிக்க

2011 கணக்கெடுப்பின் விளக்கப்படி நெல், கரும்பு, நிலக்கடலை, காய்கறி, பழவகை பயிரிடுவோர் 'சாகுபடியாளர்' ஆவர். தென்னை, பாக்கு, தேயிலை, காப்பி, ரப்பர் ஆகியவை மட்டும் பயிரிடுவோர் அந்தப் பிரிவில் சேரமாட்டார்கள். நெல் வயல்கள் தென்னந்தோப்பாக மாறிய ஊர், இதனால் விவசாயம் குறைந்த ஊராகக் கணக்கில் தோன்றக்கூடும்.

செய்ய வேண்டியவை

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்புக்கு 2025 ஜூன் 16-இல் அறிவிக்கை வெளியானது. கணக்கெடுப்பாளரிடம் 'தோப்பு வைத்திருக்கிறேன்' என்று மட்டும் கூறி நிறுத்தாமல், நெல், காய்கறி முதலிய சாகுபடியும் செய்து வந்தால் அதையும் தெளிவாகக் கூற வேண்டும். உண்மைக்கு மாறாக எதையும் கூறக் கூடாது. வேலைக்காக வெளியூர் செல்லும் ஆண்கள் செய்யும் தொழிலையும் சரியாகத் தெரிவிக்க வேண்டும்.

ஊரின் பெயர் கிராமப் பட்டியலில் உள்ளதா, நகரப் பட்டியலில் உள்ளதா என்பதை மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் பார்க்கலாம். அருகிலுள்ள குடியிருப்புகள் சேர்த்து எண்ணப்பட்டுள்ளனவா என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிந்து, விடுபட்டிருந்தால் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவது நல்லது. ஒருமுறை பதிவான கணக்கு பல ஆண்டுகளுக்கு நிற்கும். ஆகவே, அது பதிவாகும் நேரத்திலேயே கவனம் செலுத்த வேண்டும்.